ஏஜியன் கடலிலிருந்து பொன் தீபகற்பம் வரை

பண்டைய கிரேக்கத்தைக் கப்பலேறிப் போய்ப் படிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. 1906இல் இங்கிலாந்தின் ஹென்றி லன் தொடங்கிய ஹெலனிக் பயணிகள் கழகம், பள்ளி ஆசிரியர்களையும் பாதிரிமார்களையும் பல்கலைக்கழக அறிஞர்களையும் ஒரே கப்பலில் ஏற்றிக் கிரேக்கத் தீவுகளுக்கு அழைத்துச் சென்றது. கரையிறங்கினால் இடிபாடுகள், கப்பலுக்குத் திரும்பினால் சொற்பொழிவு என்று நாள்கள் கழிந்தன. போர்க்காலங்களில் தடைப்பட்டுப்போன இந்த ஏற்பாட்டுக்கு 1954இல் சுவான் குடும்பத்தாரின் பயண நிறுவனம் மறுபடியும் உயிர் கொடுத்தது.

கிரேக்க வரலாற்றைப் படிக்கக் கப்பலே தகுந்த ஊர்தி. மலைகள் ஊரை ஊரிலிருந்து பிரித்த நாட்டில் போக்குவரத்தெல்லாம் கடல் வழியாகத்தான் நடந்தது. 1900இல் ஆர்தர் எவன்ஸ் அகழத் தொடங்கிய நோசஸ் அரண்மனை கிரீட் தீவில் இருக்கிறது. எபேசஸ் இன்றைய துருக்கியின் கரையோரத்தில் இருக்கிறது. ரோட்ஸ், டெலோஸ் இரண்டும் தீவுகள். இவற்றுள் வணிக வரலாற்றுக்கு மிகவும் பயன்படுவது டெலோஸ். 1873 முதல் பிரெஞ்சு அறிஞர்கள் அகழ்ந்துவரும் இச்சிறு தீவு அப்பல்லோ பிறந்த இடமாக வணங்கப்பட்டது. கி.மு. 166இல் ரோமர்கள் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்ததும் அதன் போக்கு மாறியது. சிரியா, எகிப்து, இத்தாலி வணிகர்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். அடிமைச் சந்தை பெருத்தது. கி.மு. 88இல் மித்ரிடேட்டஸ் மன்னனின் படை புகுந்து அழித்ததிலிருந்து தீவு எழவேயில்லை. துறைமுக நகரம் எப்படிச் செழிக்கிறது, எப்படிச் சாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் ஏஜியன் கடலில் குறைவு.

சுவான் கப்பல்களில் விரிவுரையாற்றப் போன அறிஞர்களுள் மார்ட்டிமர் வீலரும் ஒருவர். ஏஜியன் இடிபாடுகளைப் பற்றிப் பயணிகளுக்கு எடுத்துச் சொன்ன அதே மனிதர்தான் சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தவர். கிரேக்க வரலாற்றுக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் உள்ள உறவைப் பேச இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த ஜாடியின் கழுத்தையும் கைப்பிடியையும் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவும் எண்ணெயும் ஏற்றியனுப்பப் பயன்பட்ட ஆம்போரா அது என்பது அவருக்கு உடனே விளங்கியது. அது கிடைத்த இடத்தைத் தேடிப் புதுச்சேரிக்குப் போனார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த அந்த மேட்டைப் பிரெஞ்சு அறிஞர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் செதுக்கிய மணியொன்றை ஜூவோ துப்ரே 1937இல் அங்கிருந்து பெற்றிருந்தார். 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் ஆம்போரா ஓடுகளோடு, இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதியில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகளும் வெளிவந்தன. அந்தப் பாண்டங்களின் காலம் ஐரோப்பாவில் துல்லியமாக அறியப்பட்டிருந்தது. அதனால் அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் முதன்முறையாக உறுதியான காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு அன்று காலூன்றியது.

ஆனால் வீலர் தம் கண்டுபிடிப்புக்குக் கொடுத்த விளக்கம் அப்படியே நிலைக்கவில்லை. அரிக்கமேட்டை மேற்கத்திய வணிகத்தால் எழுந்த பண்டகசாலையாகவே அவர் பார்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு வேறு கதை சொன்னது. ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. அந்த வணிகம் ஓய்ந்த பிறகும் ஊர் இருந்தது. மணி செய்பவர்களும் குயவர்களும் வாழ்ந்த அந்தக் கரைக்கு யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோம வணிகர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கரையை உண்டாக்கியவர்கள் அவர்களல்லர். கிரேக்கரின் கீழ்க்கடல் வரலாற்றைச் சரியாகப் படிக்க இந்தத் திருத்தம் மிகவும் தேவை.

கிரேக்கர் இந்தக் கரைக்கு வந்த வழி எகிப்தில் தொடங்கியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி மன்னன் செங்கடலோரத்தில் பெரெனிகே துறைமுகத்தை அமைத்தான். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடல் வழியாக இந்தியாவுக்கு ஓடக் கற்றுக்கொண்டதும் போக்குவரத்து பெருகியது. ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை மயோஸ் ஹோர்மஸ் துறையிலிருந்து இந்தியாவுக்குப் போவதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதினார். ஜூலை வாக்கில் எகிப்தை விட்டுப் புறப்பட்டால் செப்டம்பருக்குள் தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்த முசிறியை அடையலாம். மிளகு ஏற்றிக்கொண்டு டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு திரும்பலாம். இந்த வணிகத்தின் அளவைக் காட்டும் ஆவணம் வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் அது; மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்கின் மதிப்புக் கணக்கு இருக்கிறது.

போக்குவரத்து ஒருவழியாக நடக்கவில்லை. பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் 7.5 கிலோ மிளகு இந்திய ஜாடியோடு கிடைத்தது. தமிழ் பிராமியில் பெயர் பொறித்த ஓடும் அங்கே கிடைத்தது. பழைய மயோஸ் ஹோர்மஸ் என்று கருதப்படும் குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த ஓடுகள் அகப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் செங்கடல் துறைகளில் தங்கள் பாண்டங்களுக்குப் பெயரிட்டு வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். கிரேக்கத் துறைமுகங்களைப் பற்றிய நூல்கள் இவர்களுக்கு இன்னும் அதிக இடம் தர வேண்டும்.

கிரேக்கரின் கிழக்குக் கடல் அறிவுக்கு முதன்மைச் சான்று பெரிப்ளஸ். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், பெயர் அறியப்படாத ஒரு வணிகர் கிரேக்கத்தில் எழுதிய கடல்வழிக் கையேடு அது. முசிறி வரை அவர் சொல்லும் செய்திகள் நேரில் கண்டவை போல நுணுக்கமாக இருக்கின்றன. குமரியைத் தாண்டியதும் செய்திகள் சுருங்குகின்றன. கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்லி, கிழக்குக் கரையின் கமரா, பொதுகே, சோபட்மா என்ற துறைகளைக் குறிப்பிடுகிறார். முதலாவது காவிரிப்பூம்பட்டினமென்றும் இரண்டாவது அரிக்கமேடென்றும் பல அறிஞர் கருதுகிறார்கள். அங்கே நின்ற கலங்களை அவர் வகை பிரிக்கிறார். கரையோரமாக ஓடுபவை ஒரு வகை. மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கரா இன்னொரு வகை. கங்கைக்கும் கிரைசே என்ற பொன் நாட்டுக்கும் ஓடும் மிகப் பெரிய கலங்கள் மூன்றாவது. அவற்றைக் கொலாந்தியா என்கிறார். கிரைசேயை உலகின் கிழக்கு எல்லையில், சூரியன் உதிக்கும் திசையில் வைக்கிறார்.

இந்தச் சில வரிகளின் எடை பெரிது. கிரேக்கக் கப்பல்கள் முசிறியோடு திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், வங்கக் கடலைக் கடந்து பொன் நாட்டுக்கு ஓடிய பெருங்கலங்கள் தமிழ்க் கரையில் நங்கூரமிட்டிருந்தன. அந்தக் கடலுக்கு அப்பாலிருந்த நிலத்தைப் பற்றிக் கிரேக்கர் அறிந்த செய்தியில் பெரும்பங்கு இந்தத் துறைகளில் கேட்டறிந்ததாகவே இருக்க வேண்டும்.

சுமார் கி.பி. 150இல் அலெக்ஸாந்திரியாவில் தாலமி என்ற அறிஞர் எழுதிய புவியியல் நூலில் அந்தச் செய்தி ஒரு நிலப்படமாக வடிவெடுத்தது. மதுரை, காவிரித் துறை ஆகியவற்றைக் குறித்தவர், கங்கைக்கு அப்பால் ஒரு பொன் தீபகற்பத்தையும் வரைந்தார். அதற்கு அவர் தம்முன் வாழ்ந்த தீர் நகரத்து மரினஸைப் பின்பற்றினார். மரினஸோ அலெக்ஸாந்தர் என்ற ஒருவரின் பயணச் செய்தியைப் பயன்படுத்தினார். தக்கோலா, சபனா என்ற வணிகத் துறைகளும் கோலி முதலிய ஊர்களும் அந்தத் தீபகற்பத்தில் இடம்பெற்றன. தூரங்களும் திசைகளும் பிசகியிருந்தாலும் அது மலாயாத் தீபகற்பம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இந்தச் செய்திகளைச் சீன, அரபு, இந்தியக் குறிப்புகளோடு ஒப்பிட்டு பால் வீட்லி எழுதிய பொன் தீபகற்பம் பற்றிய நூலை 1961இல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் கோலாலம்பூரில் வெளியிட்டது. மலேசியாவின் பழைய புவியியலுக்கு இன்றும் அதுவே அடித்தளம்.

தாலமியின் குறிப்பில் மலைநாட்டாருக்கு நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. தீபகற்பத்தை நோக்கி நிற்கும் பெயரில்லாத மலைத்தொடர்களிலிருந்து ஆறுகள் இறங்கி ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன என்கிறார். அத்தபாஸ், கிரைசோவானஸ், பலந்தாஸ் என்று அவற்றின் பெயர்களையும் தருகிறார். எந்தப் பெயர் எந்த ஆற்றுக்குரியது என்பதில் அறிஞர்களிடம் உடன்பாடில்லை. 1930களில் ரோலண்ட் பிராடெல் தொடங்கிப் பலர் தத்தம் வழியில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நிலத்தின் அமைப்பு மாறவில்லை. தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடரில்தான் கேமரன் மலை இருக்கிறது. அங்கே கம்போங் ராஜா அமைந்துள்ள உலு தெலோம் வட்டாரத்தின் நீர் தெலோம் ஆறாகக் கிழக்கே இறங்கி, ஜெலாய் ஆற்றில் கலந்து, கோலா லிப்பிஸைக் கடந்து பகாங் ஆறாகத் தென்சீனக் கடலில் விழுகிறது. மேற்குச் சரிவின் நீர் பேராக் வழியாக மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ரவுப், கோலா லிப்பிஸ் வட்டாரங்கள் பகாங்கின் தங்க வளையத்தில் உள்ளவை. 1889 முதல் ரவுப்பில் பெரிய அளவில் தங்கச் சுரங்கம் நடந்தது. தீபகற்பத்துக்குப் பொன்னின் பெயர் வந்ததற்கு இந்த உள்நாட்டு மண்ணில் காரணம் இருக்கிறது. மலைமேட்டை 1885இல் அளந்த வில்லியம் கேமரனும் இந்தத் தெலோம் பகுதியிலேதான் நடந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது.

பொன்னோடு தமிழர் கொண்டிருந்த தொடர்புக்கு நேரடிச் சான்று தீபகற்பத்தின் வடபகுதியில், இன்றைய தாய்லாந்தில் கிடைத்தது. கிராபி மாநிலத்து குவான் லுக் பாட்டில் கண்டெடுத்த ஒரு சிறிய கல்லில் பெரும்பதன் கல் என்ற தமிழ்ச் சொற்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் ஒரு தட்டானின் உரைகல். பொன்னின் மாற்றைப் பார்க்கக் கடல் கடந்து போன ஒரு தமிழ்த் தொழிலாளியின் கருவி அது. ரோமானிய பாணி முத்திரை மணிகளும் அதே ஊரில் கிடைத்தன. ரானோங் மாநிலத்து பூ காவ் தோங்கில் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ் பிராமி ஓடு கிடைத்தது. தாலமியின் தக்கோலா இந்தக் கரையில், தக்குவா பா வட்டாரத்தில் இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் காவலில் ஒரு குளத்தை விட்ட செய்தியைத் தமிழ்க் கல்வெட்டொன்று சொல்கிறது. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு, கடாரத்தோடு தலைத்தக்கோலம் என்ற ஊரையும் குறிக்கிறது. அலெக்ஸாந்திரியாவில் எழுதப்பட்ட பெயரும் தஞ்சையில் வெட்டப்பட்ட பெயரும் ஒரே ஊரைச் சொல்கின்றன என்ற கருத்து வலுவானது.

மலேசியாவின் எல்லைக்குள் இந்தக் கடல்வழி விட்டுச்சென்ற முதன்மையான இடம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்குள்ள சான்றுகளில் பெரும்பகுதி பெரிப்ளஸுக்கும் தாலமிக்கும் பிந்தியது. ஜேம்ஸ் லோ 1834இல் அருகிலுள்ள செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற மாநாவிகன் தன் பயணம் இனிதே முடிய வேண்டியதைப் பதிவு செய்தது. ஐந்தாம் நூற்றாண்டின் அந்தக் கல் இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் முப்பது வரையிலான இடங்களை ஆராய்ந்தார்கள். அலஸ்டைர் லாம்ப் 1960 வாக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலை அதன் கற்களைக் கொண்டே மீட்டெழுப்பினார். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் ஆற்றங்கரைப் படித்துறைகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். 2013இல் 11ஆம் எண் சண்டி வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற செங்கல் அடித்தளம் ஓர் இயந்திரத்தின் வேலையில் மறைந்தது. அந்த இழப்பு திரும்ப ஈடுகட்ட முடியாதது.

இதே வங்கக் கடல் வழியாகத்தான் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்களும் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆளேற்றிப் பினாங்கில் இறக்கிய கப்பல்களுள் 1926இல் கட்டப்பட்ட ரஜூலா அவர்கள் நினைவில் நிலைத்தது. கேமரன் மலையில் 1929இல் போ தோட்டம் தொடங்கியது. பிறகு தெலோம் பக்கத்திலும் தேயிலை பரவி, கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலி வரை எட்டியது. 1938இல் இந்திய அரசு ஆளேற்றும் உதவியை நிறுத்தும்வரை கடல் கடந்து வந்தவர்களுக்குப் பினாங்கை நெருங்கும்போது வடக்கே தெரிந்த உயர்ந்த மலை குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையடியில்தான் பூஜாங் இருக்கிறது. பழங்காலக் கப்பலோட்டிகளுக்கும் அதுவே கரையடையாளம்.

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஈப்போவுக்கு இறங்கி, வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணி போனால் மெர்போக் அருங்காட்சியகம் அருகில்தான். மீட்டெழுப்பிய சண்டி அங்கே மலைச்சரிவில் நிற்கிறது. பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த பொருள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கிரேக்கக் கடல் வரலாற்றின் கிழக்குப் பாதியைப் படிக்க விரும்பும் மலேசியத் தமிழ் மாணவருக்கு அதுவே தொடங்குமிடம். அங்கிருந்து கிராபி, புதுச்சேரி, முசிறி, பெரெனிகே, டெலோஸ் என்று படிப்பு மேற்கே போகும்.