டெட்ராய்ட் புவியியல் ஆய்வுப் பயணம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1968-இல் தொடங்கிய மானுடப் புவியியல் கள ஆய்வு. ஆய்வு முறைகளை அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கே கற்றுத்தர முயன்றதால் பேசப்படுகிறது. இதை முன்னின்று நடத்தியவர்கள் புவியியலாளர் வில்லியம் பங்கியும், அந்நகரின் கறுப்பின இளம்பெண் க்வெண்டலின் வாரனும்.

பங்கி கணக்கோடு புவியியலைப் பிணைத்தவர். 1962-இல் வெளியான 'தியரிட்டிக்கல் ஜியாகரஃபி' அவருடைய நூல். கடல்தாண்டி நாடு தேடிப் போன வெள்ளையரின் 'எக்ஸ்பெடிஷன்' என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்து, தாம் குடியிருந்த ஃபிட்ஜெரால்ட் பகுதிக்கே திருப்பிவிட்டார். அது ஒரு சதுர மைல் பரப்பு. ஆய்வு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுதான் நகரக் கலவரத்தில் 43 பேர் இறந்திருந்தார்கள்.

குழுவின் புகழ்பெற்ற வரைபடம் 1971-இல் வந்தது. க்ரோஸ் பாயின்ட் புறநகர்களிலிருந்து வெள்ளையர்கள் காரோட்டி வேலைக்குப் போய்வரும் வழி. அந்த வழியில் அடிபட்ட கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு புள்ளி. அவ்வளவுதான் வரைபடம். ஆனால் எந்தக் குழந்தை, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற விவரத்தைப் போலீஸ் எளிதில் தரவில்லை. அரசியல் ஆட்களைப் பிடித்துத்தான் வாங்க முடிந்தது என்று வாரன் பதிவு செய்திருக்கிறார். தரவு சேகரிப்பு என்ற பாடத்தில் இந்த அத்தியாயத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை.

முறையியல் ஆசிரியர் ஒருவர் இந்த வரைபடத்தைக் கையில் எடுத்தால் கேள்விகள் எழும். அந்தச் சாலையில் நாளுக்கு எத்தனை வண்டிகள்? ஓரத்தில் எத்தனை குழந்தைகள் வசித்தார்கள்? வேறு சாலைகளோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? குற்றம் யாருடையது என்பதை வரைபடத்தின் தலைப்பே முடிவுசெய்துவிடுகிறது என்பதும் நியாயமான குறைதான். ஆயினும் விபத்துகளையும் பயணப் பாதையையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியதே, ஆய்வு வடிவமைப்பில் பாதி வேலை. அது அங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தோன்றக்கூடிய கேள்வி.

எலி கடித்த கைக்குழந்தைகளுக்கும் ஒரு வரைபடம் உண்டு. பள்ளி நிர்வாகத்தைப் பகுதிவாரியாகப் பிரிக்கும் பேச்சு எழுந்தபோது, எல்லைகளை எப்படி எப்படியெல்லாம் போடலாம் என்று குழு கணக்கிட்டுக் காட்டியது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் துணையோடு நகரவாசிகளுக்கு இலவச வகுப்புகளும் நடந்தன. அந்த ஆதரவு நீடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் முயற்சி ஓய்ந்தது.

பங்கி கனடாவுக்குப் போய், டொராண்டோவில் டாக்சி ஓட்டினார். விபத்து வரைபடமோ வெகுகாலம் அவர் பெயரிலேயே மேற்கோள் காட்டப்பட்டு வந்தது. வாரனின் பங்கைப் புவியியலாளர்கள் தாமதமாகத்தான் பேசத் தொடங்கினார்கள்.