மலிவான கோப்பை

லண்டனில் சில வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். தேம்ஸ் நதியைப் பற்றியும் பிரிட்டிஷ் மியூஸியத்தைப் பற்றியும் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ, எந்தக் கடையில் நல்ல பீர் சகாய விலைக்குக் கிடைக்கும், எப்போது ஒயின் விலை இறங்கும், எந்த ஜில்லாவின் ஸைடர் நாக்குக்கு இதமாக இருக்கும் என்று ஒரு மணி நேரம் விஸ்தரித்துக்கொண்டிருந்தார். ஸைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் பானம். எனக்கோ காப்பிக்கு மேல் எதுவும் பழக்கமில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, "நல்ல சரக்கு மலிவாகக் கிடைப்பது கடைக்காரனுடைய தாராள குணத்தினாலா, ஸார்?" என்று கேட்டேன்.

"அந்த ஆராய்ச்சி எனக்கு எதற்கு ஐயா? கிடைத்தது, குடித்தேன்!" என்றார் நண்பர்.

அவர் போன பிறகு அந்த ஆராய்ச்சியில் நான் இறங்கினேன். சில சரித்திரப் புத்தகங்களைப் புரட்டியதில் ஒன்று தெரிந்தது. இங்கிலாந்தில் கோப்பையின் விலையைக் கடைக்காரன் மட்டும் எழுதவில்லை. பல சமயங்களில் அதை எழுதியது மந்திரியின் பேனாதான்.

முதலில் ஒயினை எடுத்துக்கொள்ளலாம். 1703-ஆம் வருஷம் இங்கிலாந்தும் பிரான்ஸும் யுத்தத்தில் இருந்தன. அப்போது ஜான் மெத்யூன் என்ற ஆங்கிலேயத் தூதர் போர்ச்சுக்கல்லோடு ஓர் உடன்படிக்கை செய்தார். இங்கிலாந்தின் கம்பளித் துணியைப் போர்ச்சுக்கல் தடையில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, பிரெஞ்சு ஒயினுக்குப் போடும் வரியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகப் போர்ச்சுக்கீசிய ஒயினுக்கு வரி போடப்படும். அவ்வளவுதான் சாராம்சம். ஆனால் ஒரு தேசத்தின் நாக்கையே அது மாற்றிவிட்டது. போர்டோ பிரதேசத்து கிளாரெட் பணக்காரர் மேஜைக்கு ஒதுங்கியது. மற்றவர்கள் 'போர்ட்' என்னும் போர்ச்சுக்கீசிய மதுவைக் குடிக்கப் பழகினார்கள். அது தங்களுடைய ருசி என்றே அவர்கள் நம்பியிருப்பார்கள். ருசிக்குப் பின்னால் கம்பளி மூட்டை இருந்ததை யார் நினைத்தார்கள்?

கிராக்கி ஏறினால் கலப்படமும் கூடவே ஏறும். போர்ட் ஒயினுக்கு நிறம் கூட்டுவதற்காக, எல்டர் என்ற செடியின் கறுத்த பழச் சாற்றை அதில் கலந்தார்கள். பெயர் கெட்டது, விலையும் சரிந்தது. 1756-இல் போர்ச்சுக்கல்லின் மந்திரி பொம்பால் தலையிட்டார். டூரோ நதிப் பள்ளத்தாக்கில் எந்தெந்த நிலத்து ஒயின் போர்ட் என்ற பெயரில் போகலாம் என்று எல்லை வகுத்தார். அந்தப் பக்கத்து எல்டர் செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கும்படியும் உத்தரவிட்டார். கலப்படக்காரனைத் தேடி அலைவதைவிடக் கலப்படச் சரக்கின் வேரையே பிடுங்குவது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

இனி ஸைடர். ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது இங்கிலாந்து ஜயித்திருந்தது, கடனிலும் மூழ்கியிருந்தது. பிரதம மந்திரி பியூட் பிரபுவின் சர்க்கார், 'ஹாக்ஸ்ஹெட்' என்னும் பெரிய பீப்பாய் ஒன்றுக்கு நான்கு ஷில்லிங் என்று ஸைடர் மீது வரி போட்டது. ஆப்பிள் தோப்புகள் நிறைந்த டெவன், ஹெர்போர்டு பகுதிகள் கொதித்து எழுந்தன. நான்கு ஷில்லிங் மட்டும் காரணம் அல்ல. அந்த ஜில்லாக்களில் குடியானவன் தன் வீட்டிலேயே ஸைடர் பிழிந்து வைத்துக்கொள்வான். வரி என்று வந்தால், பீப்பாயை எண்ணுவதற்கு அதிகாரி வீட்டுக்குள் நுழைவான் அல்லவா? 'என் வீட்டு வாசற்படியைத் தாண்ட ராஜாவின் ஆளுக்கு என்ன உரிமை?' என்பதுதான் கேள்வி. பார்லிமெண்டில் வில்லியம் பிட் இதை எதிர்த்துப் பேசினார். அந்த வருஷமே பியூட் பதவியை விட்டு விலகினார். 1766-இல் வரியும் ரத்தாயிற்று. அதே யுத்தச் செலவுக்காக 1765-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது போட்ட முத்திரை வரியும் அதே 1766-இல் ரத்தாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஆப்பிள் தோப்பில் கிளம்பிய குரலும் கடலுக்கு அப்பால் கிளம்பிய குரலும் ஒரே கடனுக்கு எதிராக எழுந்தவை.

வரி போனது, விஷம் போகவில்லை. டெவன் ஜில்லாவில் ஸைடர் குடிப்பவர்களுக்குக் கடுமையான வயிற்று வலியும், கை விளங்காமல் போகும் நோயும் நெடுங்காலமாக இருந்து வந்தன. ஜார்ஜ் பேக்கர் என்ற வைத்தியர் 1767-இல் காரணத்தை வெளியிட்டார். டெவனில் ஆப்பிள் பிழியும் ஆலைகளிலும் பாத்திரங்களிலும் ஈயம் இருந்தது, ஹெர்போர்டில் இல்லை. டெவன் ஸைடரைச் சோதித்தபோது அதில் ஈயம் தென்பட்டது. பேக்கர் டெவனிலேயே பிறந்தவர். அப்படியிருந்தும், அல்லது அதனாலேயே, ஊர்க்காரர்கள் அவர்மீது சீறி விழுந்தார்கள். தங்கள் சரக்கின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் அவர்களுக்கு.

பீரின் கதை வேறு விதமானது. ஏழைகள் ஜின் சாராயத்தில் அழிகிறார்கள் என்ற கவலை இங்கிலாந்துக்கு வெகு காலமாக உண்டு. நல்ல பீர் மலிவாகக் கிடைத்தால் ஜின்னை விட்டுவிடுவார்கள் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். 1830-இல் சட்டம் வந்தது. பீர் மீதிருந்த வரி போயிற்று. வரி செலுத்தும் குடித்தனக்காரர் எவரும், மாஜிஸ்திரேட்டின் தயவில்லாமலே, இரண்டு கினி கட்டினால் தம் வீட்டில் பீர்க்கடை திறக்கலாம். முதல் ஆறு மாதங்களில் இருபதினாயிரத்துக்கும் அதிகமான கடைகள் முளைத்தன. முன்னறையில் பீப்பாய், பின்னறையில் குடும்பம்! ஆனால் ஜின் சாகவில்லை. பீர் குடித்தவர்கள் பீரும் குடித்தார்கள், ஜின்னும் குடித்தார்கள். 1869-இல் பீர்க்கடைகளை மறுபடி மாஜிஸ்திரேட்டுகளின் கையில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

1860-இல் நிதி மந்திரி கிளாட்ஸ்டன் இன்னொரு பரீட்சை செய்தார். பிரெஞ்சு ஒயினின் வரியை வெகுவாகக் குறைத்தார். கடைக்காரர்கள் புட்டியில் ஒயின் விற்கவும் வழி செய்தார். ஒன்றரை நூற்றாண்டாக ஒதுங்கிக் கிடந்த கிளாரெட் மத்தியதர வீடுகளுக்குத் திரும்பி வந்தது. அதற்கு 'கிளாட்ஸ்டன் கிளாரெட்' என்று மந்திரியின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாவற்றையும்விட மலிவான பானம் ஒன்றை நான் கடைசியில்தான் கண்டேன். அதற்கு விலையே இல்லை. இங்கிலாந்தின் மேற்கு ஜில்லாக்களில் பண்ணைக் கூலியாளுக்குக் கூலியின் ஒரு பகுதியை ஸைடராகவே அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அறுவடை நாட்களில் அளவு இன்னும் கூடும். பண்ணையாருக்கு அது தோப்பில் விளைந்த சரக்கு. கையிலிருந்து காசு போகாது. கூலியைத் தானியமாக அளந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கஞ்சியாவது காய்ச்சலாம். ஸைடரை என்ன செய்வது? குடிக்கத்தான் வேண்டும். வீட்டில் பெண்டாட்டி ரொட்டிக்கும் குழந்தையின் செருப்புக்கும் வழி தேடிக்கொண்டிருக்க, அவள் புருஷனின் கூலியில் ஒரு பங்கு வயல் வரப்பிலேயே அவன் தொண்டைக்குள் இறங்கிவிடும். 1887-இல்தான் பார்லிமெண்ட் இதைச் சட்ட விரோதமாக்கியது. சட்டத்துக்குப் பிறகும் சில இடங்களில் வழக்கம் லேசில் விடவில்லை.

இதையெல்லாம் நண்பர் அடுத்த தடவை வந்தபோது அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்படியானால் இலவசமாக வந்த கோப்பைக்குத்தான் விலை அதிகம் என்கிறீரா?" என்றார்.

"விலை அதிகம் என்பதோடு, அதைக் கொடுத்தவள் அந்தக் கோப்பையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்கிறேன்" என்றேன்.

உள்ளேயிருந்து காப்பி வந்தது. நண்பர் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.