சிறிய பற்சில்லு: துவிச்சக்கரவண்டியின் மலையேற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

துவிச்சக்கரவண்டியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எவர் எத்தனை கிலோமீற்றரை எத்தனை மணித்தியாலத்திற் கடந்தார் என்பனவே அவ்வரலாற்றின் மைல்கற்களாக நிற்கின்றன. மலைச் சரிவிலே மூச்சு முட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த சாதாரண மனிதனுக்கு அதில் இடம் மிகச் சிறிது. அவன் இறங்கி நடவாது ஏறுவதற்கு வேண்டியிருந்ததெல்லாம், மிதிகளோடு சேர்ந்து சுழலும் முன் பற்சில்லு சற்றுச் சிறியதாயிருத்தல் ஒன்றே. இவ்வுண்மை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. எனினும், பந்தய மரபைத் தழுவிய வீதி வண்டிகளில் அச்சிறிய சில்லு தாராளமாக இடம்பெற இருபத்தோராம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. இடைப்பட்ட தாமதத்திற்குப் பொறியியல் மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

1870களிலும் 1880களிலும் ஐரோப்பிய வீதிகளில் ஓடிய உயர்சில்லு வண்டியில் மிதிகள் முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. மிதியின் ஒரு சுற்றுக்குச் சில்லும் ஒரு சுற்றே சுற்றும். ஆகவே வேகம் வேண்டியவன் பெரிய சில்லை நாடினான்; அச்சில்லின் பருமனுக்கோ ஓட்டுபவனின் கால் நீளமே எல்லையாயிற்று. 1885இல் யோன் கெம்ப் ஸ்ராளி வெளியிட்ட 'ரோவர்' வண்டி சங்கிலியின் மூலம் இப்பிணைப்பை அறுத்தது. முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் உள்ளவிடத்து, மிதி ஒரு முறை சுற்றப் பின்சில்லு மூன்று முறை சுற்றும். முன்னே பற்களைக் குறைத்தால் ஒரு சுற்றிற் செல்லும் தூரம் குறையும். மிதிக்க வேண்டிய விசையும் அதே வீதத்திற் குறையும். மொத்த வேலை குறைவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வண்டியும் ஆளுமாக 75 கிலோகிராம் நிறையை 1,000 மீற்றர் உயர்த்துவதற்கு எந்தப் பற்சில்லைப் பூட்டினாலும் ஏறத்தாழ 7,36,000 யூல் சக்தி செலவாகியே தீரும். அவ்வேலையைச் சில கடுமையான உதைகளிற் செய்வதா, பல மெல்லிய உதைகளிற் செய்வதா என்பதே வினா. முழங்காலுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

இவ்வினாவை முதன்முதலில் விடாப்பிடியாக எழுப்பியவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டின் சென்ற் எத்தியன் நகரில் வாழ்ந்த போல் த விவி என்பவராவர். 1853இற் பிறந்த இவர் பட்டு வணிகராயிருந்து, பின்னர் துவிச்சக்கரவண்டி வணிகத்துட் புகுந்தவர். 1887இல் ஒரு துவிச்சக்கரவண்டிச் சஞ்சிகையைத் தொடங்கி 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிவந்தார். சென்ற் எத்தியன் மலைசூழ்ந்த தொழில் நகரம். ஊரைவிட்டு வெளியேறினால் 1,161 மீற்றர் உயரமுள்ள குடியரசுக் கணவாயை ஏறவேண்டும். சமநிலத்து ஊரொன்றில் வாழ்ந்திருந்தால் அவர் இச்சிக்கலைக் கண்டிருப்பாரோ என்பது ஐயமே. முன்னே பருமன் வேறுபட்ட இரு பற்சில்லுகளை அருகருகே வைத்து, ஏற்றத்தின் அடியில் இறங்கிச் சங்கிலியைக் கையால் எடுத்துச் சிறியதிற் போடும் முறையை அவர் கையாண்டார். கை அழுக்காகும், ஓரிரு நிமிடம் வீணாகும், ஆயின் ஏற்றம் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்தே ஏறலாம். பின்னர் வண்டியின் இரு பக்கங்களிலும் சங்கிலி பூட்டிப் பரிசோதித்தார். பிறர் செய்த கருவிகளையும் தம் சொந்தக் கால்களால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்துச் சஞ்சிகையில் எழுதினார். ஆய்வுகூடம் இல்லாத ஆய்வாளர் எனலாம்.

அவருடைய கருத்துக்கு எதிர்நிலையில் நின்றவர் சாதாரணர் அல்லர். ஆன்றி டெகிராஞ்சு 1893இல் ஒரு மணித்தியாலத்திற் கடந்த தூரத்துக்கான சாதனையை நிலைநாட்டியவர்; 1903இல் 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடக்கிய பத்திரிகையின் ஆசிரியர். 1902இல் பிரான்சியச் சுற்றுலாக் கழகம் மலைப்பாதையில் ஒரு வண்டிச் சோதனைப் போட்டியை நடத்தியது. அதில் மார்த் எஸ் என்னும் பெண், மூன்று கியர்கள் கொண்ட வண்டியில் ஓரிடத்தும் கால் ஊன்றாது பாதையை முடித்தமை பெரும் வாதத்தைக் கிளப்பியது. டெகிராஞ்சு இதற்கு மறுமொழியாக எழுதியதன் சாரம் வருமாறு: பல கியர்கள் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியோருக்கே உரியன, பொறியின் தந்திரத்தால் வெல்வதிலும் தசையின் வலிமையால் வெல்வதே மேல், தமக்கு ஒற்றைக் கியரே போதும். இக்கூற்றை வெறும் பழைமைவாதமெனத் தள்ளிவிடலாகாது. பந்தயத்தை நடத்துபவனுக்கு மனிதனின் துன்பமே விற்பனைப் பொருள். ஏற்றம் இலகுவானால் பத்திரிகையில் எழுதுவதற்கு எஞ்சுவது யாது? அன்றியும், ஒரு பெண்ணும் ஒரு முதியவரும் ஏறக்கூடிய மலையை வீரன் ஒருவன் ஏறுவதில் என்ன வீரம் என்ற வினாவும் அவ்வாதத்தினுள் மறைந்து கிடந்தது.

துன்பத்திற்குக் குறைவிருக்கவில்லை. 1905இல் 'பலோன் டல்சாஸ்' மலையும், 1910இல் பிரெனீசு மலைத்தொடரும், 1911இல் அல்ப்சு மலையின் கலிபியே கணவாயும் பந்தயப் பாதையிற் சேர்க்கப்பட்டன. 1910இல் 2,115 மீற்றர் உயரமுள்ள தூர்மலேக் கணவாயில் ஒக்தாவ் லாப்பீசு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் புகைப்படம் இன்றும் வெளியிடப்படுகின்றது. அன்று பந்தய அதிகாரிகளை அவர் கொலைகாரர் என ஏசியதாகக் கூறுவர். ஏசியவரே இறுதியில் அப்பந்தயத்தை வென்றார். அடுத்த ஆண்டு கலிபியேயில் நடவாது ஏறியவர் மூவர் மட்டுமே. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களே நடக்கவேண்டியிருந்த ஏற்றத்தை, வெலோசியோவின் வாசகர்கள் இரு பற்சில்லுகளின் துணையோடு அமர்ந்தபடி ஏறக்கூடியவராயிருந்தனர் என்பது அக்காலத்தின் விநோதம்.

பந்தய வீரர் கண்டுகொண்ட இடைவழி எளிமையானது. பின்சில்லின் அச்சின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு பருமனுள்ள பற்சில்லுகளைப் பொருத்தினர். மலையடியில் இறங்கி, சில்லைக் கழற்றி, மறுபுறம் திருப்பிப் பூட்டி மீண்டும் ஓடினர். 1924இல் இத்தாலியின் குறோச்சே டௌனே கணவாயில், குளிரில் விறைத்த விரல்களால் சிறகுச் சுரையைத் திருகமுடியாது துள்ளியோ கம்பன்யோலோ என்ற வீரர் தவித்ததாகவும், அதிலிருந்தே விரைவிற் கழற்றும் நெம்புகோல் அவர் மனத்தில் உதித்ததாகவும் ஒரு கதை உண்டு. கம்பனிகள் தம் தோற்றம்பற்றிச் சொல்லும் கதைகளை வரலாற்று மாணவர் சற்றுத் தள்ளிநின்று கேட்பதே நன்று. ஆயினும் 1933இல் விசென்சா நகரில் அவர் நிறுவிய தொழிலகம் பிற்காலப் பந்தய வண்டியின் உருவத்தை நிர்ணயித்தது என்பதில் ஐயமில்லை. இதே காலத்தில் ஆங்கிலேயர் வேறு வழியை நாடினர். நொற்றிங்காமில் உருவான ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர்கள் பின்சில்லின் குடத்தினுள்ளே அடங்கியிருந்தன. இலங்கையில் நன்கு அறிமுகமான 'றலி' வண்டிகளின் உடன்பிறப்பு அது. தொழிலாளியும் தபாற்காரரும் அதனை ஏற்றனர், பந்தயக்காரர் ஏற்கவில்லை.

உடல்நலக் குறைவினால் 1936இல் டெகிராஞ்சு பந்தயப் பொறுப்பை யாக் கொடேயிடம் விடவேண்டியதாயிற்று. மறு ஆண்டிலேயே, 1937இல், சங்கிலிமாற்றி அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டது. அதனைக்கொண்டு முதலில் வென்றவர் ரோஜே லப்பேபி. வெலோசியோ இதனைக் காணவில்லை. 1930இல் சென்ற் எத்தியன் வீதியொன்றில் திராம் வண்டி மோதியதால் அவர் இறந்திருந்தார்.

தடை நீங்கியதும் சிக்கல் தீர்ந்தது என்றே பல நூல்கள் இவ்விடத்தில் முடித்துவிடுகின்றன. உண்மையில் தடை உருமாறி வேறோர் இடத்தில் ஒளிந்துகொண்டது. முன் பற்சில்லு, கிராங்குத் தண்டின் ஐந்து கரங்களில் ஐந்து ஆணிகளால் இறுக்கப்பட்டது. அவ்வாணிகள் அமைந்த வட்டத்தின் விட்டமே பூட்டக்கூடிய மிகச்சிறிய சில்லைத் தீர்மானிக்கின்றது. சங்கிலியின் இரு மூட்டுகளுக்கிடைத் தூரம் 12.7 மில்லிமீற்றர் ஆதலின் ஒரு பல் குறையச் சில்லின் ஆரம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் குறையும். 42 பற்சில்லின் ஆரம் ஏறக்குறைய 85 மில்லிமீற்றர். ஆணி வட்டத்தின் ஆரம் 72 மில்லிமீற்றராயின், ஆணிக்கும் சங்கிலிக்கும் இடம்விட்டதும் மேற்கொண்டு குறைக்க அநேகமாக ஒன்றுமில்லை. கம்பன்யோலோவின் 1958ஆம் ஆண்டுக் கிராங்கில் வட்டத்தின் விட்டம் 151 மில்லிமீற்றர். மிகச்சிறிய சில்லு 44 பற்கள். 1960களின் பிற்பகுதியில் விட்டம் 144 மில்லிமீற்றராகி, 52, 42 என்ற இணை பந்தய வண்டியின் இலக்கணமே ஆயிற்று. பிற கம்பனிகள் அவ்வளவையே பின்பற்றின. வெற்றியாளர் ஓட்டும் வண்டியைப்போன்ற வண்டியையே வாங்க விரும்பிய பொதுமகன், வெற்றியாளரின் கால்களை வாங்கமுடியாது என்பதை முதல் ஏற்றத்திலேயே உணர்ந்தான். முன்பு விதிப்புத்தகம் விதித்ததை இப்போது ஓர் அலுமினியக் கிராங்கின் அளவு விதித்தது. விதிப்புத்தகத்தோடு வாதிடலாம், ஆணித் துளையோடு வாதிட இயலாது.

வேறு அளவுகள் சாத்தியமற்றிருந்தன என்று சொல்வதற்கில்லை. 1930களிலேயே பிரான்சின் ஸ்ரோங்லைற் கம்பனி செய்த கிராங்கில் ஆணி வட்டம் மிகச் சிறிதாயிருந்தது. போருக்குப் பின்னர் ரீ.ஏ. நிறுவனம் அதே துளை அமைப்புக்கு 26 பற்கள் வரையிலான சிறிய சில்லுகளைச் செய்து விற்றது. மூன்று சில்லுகளை ஒருங்கே பூட்டவும் வழிசெய்தது. இவற்றை வாங்கியோர் வெலோசியோவின் வழிவந்த சுற்றுலா ஓட்டுநர்: ஆசிரியர்கள், எழுதுவினைஞர், ஓய்வுபெற்றோர், கணவனும் மனைவியுமாக இருவர் ஓட்டும் வண்டிக்காரர். அறிவு அவர்களிடம் இருந்தது. மதிப்பு பந்தயத்திடம் இருந்தது. ஒரே நாட்டில், ஒரே மலைப்பாதையில், ஒரே காலத்தில் இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று பாராது ஓடிய அரைநூற்றாண்டே இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி எனலாம். தொழில்நுட்பம் தானாக முன்னேறும் என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் ஆட்டங்காணுகின்றது.

சிறிய சில்லு பந்தய வீதிக்கு வந்த வழி நேர்வழியன்று. 1970களில் கலிபோர்னியாவின் மரீன் பிரதேசத்து இளைஞர் சிலர் பழைய பாரவண்டிகளை மலைமேல் ஏற்றி மண்பாதையிற் கீழே ஓட்டி விளையாடினர். இறங்குவதற்கு முன் ஏறவேண்டும் அல்லவா? ஏறுவதற்குச் சுற்றுலா வண்டிகளின் பற்சில்லுகளையும் சங்கிலிமாற்றிகளையும் தேடிப் பூட்டினர். இவ்விளையாட்டிலிருந்து பிறந்த மலைவண்டி 1980களில் உலகமெங்கும் விற்பனையாகியபோது, 110 மில்லிமீற்றர் ஆணி வட்டம் பெருந்தொகை உற்பத்திக்கு வந்தது. அவ்வட்டத்தில் 34 பற்சில்லு இலகுவில் அமரும். வீதி வண்டிகளிலோ 1980களின் நடுப்பகுதியில் விட்டம் 135, 130 என்று சற்றே சுருங்கி, 53, 39 என்ற இணை வழக்காயிற்று. 2000ஆம் ஆண்டை அடுத்தே 110 மில்லிமீற்றர் வட்டமும் 50, 34 என்ற இணையும் வீதி வண்டியில் பரவின. மண்பாதையின் வழியே சுற்றிவந்துதான் வெலோசியோவின் சில்லு தார் வீதியை அடைந்தது.

இம்மாற்றத்தின் அளவைச் சிறு கணக்கொன்று காட்டும். சில்லின் சுற்றளவை 2.1 மீற்றர் எனவும், ஏற்றத்தில் வேகத்தை மணிக்கு 10 கிலோமீற்றர் எனவும் கொள்க. முன்னே 42, பின்னே 21 பற்களாயின் மிதி நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 முறையே சுற்றும். ஒவ்வோர் உதையும் படியேறுவது போன்றது. முன்னே 39, பின்னே 25 ஆயின் 51 முறை. பின்னே 25ஐ மாற்றாது முன்னே 34ஐப் பூட்டினால் 58 முறை. விசை எட்டில் ஒரு பங்கு குறைகின்றது. பின்னே 32 பற்களும் சேர்ந்தால் சுற்று 75ஐ எட்டும். பழைய வண்டியில் இதனைச் செய்ய விரும்புபவர் எதிர்கொள்ளும் தடையும் அதே ஆணி வட்டமே. 130 மில்லிமீற்றர் கரத்தில் 34 பற்சில்லு அமராது, கிராங்கையே மாற்றவேண்டும். அமர்ந்த பின்னரும், பெரிய சில்லின் பருமன் குறைந்தமையால் முன் சங்கிலிமாற்றியைக் கீழிறக்க வேண்டும். இரு சில்லுகளுக்குமிடையே 16 பற்கள் வேறுபாடு ஏற்படுவதால், தளரும் சங்கிலியைப் பின் சங்கிலிமாற்றியின் கரம் இழுத்துப் பிடிக்கவல்லதா என்பதையும் பார்த்துக்கொள்ளல் அவசியம். இல்லையேல் ஏற்றத்தின் தொடக்கத்திலேயே சங்கிலி கழன்று விழும்.

பந்தயக்காரரும் இதற்குள் மனம் மாறியிருந்தனர். அவர்களை மாற்றியது வாதமன்று, பாதையே. பார்வையாளரை ஈர்ப்பதற்காக அமைப்பாளர் மேன்மேலும் செங்குத்தான வீதிகளைத் தேடினர். 1999இல் ஸ்பானியச் சுற்றுப் பந்தயத்திற் சேர்க்கப்பட்ட அங்லீரு மலையில் சரிவு ஓரிடத்தில் நூற்றுக்கு 23.5ஐ எட்டுகின்றது. அங்கே 39 பற்சில்லோடு பெருமை பேசுதல் எளிதன்று. துன்பத்தைக் காட்சியாக்கும் டெகிராஞ்சின் வழியே, அவர் வெறுத்த சிறிய கியரைக் கட்டாயமாக்கியது.

2023 மே மாதம் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தின் இறுதிக்கு முந்திய நாளன்று, மொந்தே லுசாரி மலைமீது தனித்தனியே நேரங் கணித்து ஓடும் கட்டம் நடைபெற்றது. சுலோவேனிய வீரர் பிரிமோஷ் ரோக்லிச் முன்னே ஒரேயொரு பற்சில்லையும், பின்னே மலைவண்டிக்குரிய அகன்ற பற்சில்லுத் தொகுதியையும் பூட்டி வந்திருந்தார். கரடுமுரடான ஓரிடத்திற் சங்கிலி கழன்றது. அவர் இறங்கி, வெலோசியோ குடியரசுக் கணவாயின் அடியிற் செய்ததைப் போலவே, கையால் அதனை எடுத்துப் பல்லிற் போட்டு மீண்டும் ஏறினார். அன்றைய கட்டத்தையும், 14 செக்கன் வேறுபாட்டில் அவ்வாண்டுப் பந்தயத்தையும் அவரே வென்றார்.