ஒருவரும் விடுபடாமல்: இந்திய மக்கள்தொகை, வீட்டுக் கணக்கெடுப்பின் திட்டமும் நோக்கமும்

1. பொருள்

நாட்டின் எல்லைக்குள் வாழும் ஒவ்வொருவரையும் ஒருமுறை, ஒருமுறை மட்டுமே, எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாதிரி ஆய்வு சிலரைக் கேட்டுப் பலரைப் பற்றி மதிப்பிடும். கணக்கெடுப்போ எவரையும் விடலாகாது. இந்தியாவில் 1872இல் முடிந்த முதல் முயற்சி எல்லாப் பகுதிகளிலும் ஒரே காலத்தில் நடக்கவில்லை. 1881இல்தான் நாடு தழுவிய ஒரே காலக் கணக்கெடுப்பு அமைந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற அந்த ஒழுங்கு 2011 வரை முறியவில்லை. ஆள் விடுபடாமலும் இருமுறை சேராமலும் காப்பதே இதன் திட்டமிடல் முழுவதற்கும் அச்சாணி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. திட்டமிடல்

2.1 இடம்: எண்ணத் தொடங்குமுன் ஊர், வட்டம், மாவட்ட எல்லைகளை மாற்றுவது நிறுத்தப்படுகிறது. நடுவில் ஒரு வட்டம் பிரிந்தால் ஓரத்துத் தெரு இரு கணக்கிலும் ஏறலாம், இரண்டிலும் விடுபடலாம்.

2.2 வீடு: முதல் கட்டம் வீட்டுப்பட்டியல். கணக்கெடுப்பாளர் தம் பகுதிக்கு வரைபடம் போட்டு, கட்டடங்களுக்கு எண்ணிட்டு, சுவர், கூரை, குடிநீர், கழிப்பறை, அடுப்பெரிக்கும் பொருள் எனக் கேட்டு எழுதுவார். 2011 கணக்கெடுப்புக்காக 2010இல் நடந்த வீட்டுப்பட்டியலில் 35 கேள்விகள். குடும்பம் எது என்பதைத் தீர்மானிப்பது இரத்த உறவன்று, அடுப்பு. ஒரே கூரையின்கீழ் அண்ணனும் தம்பியும் இருந்தாலும் உலை தனித்தனியே கொதித்தால் அவை இரண்டு குடும்பங்கள். உறவில்லாத மூன்று நண்பர்கள் வாடகை வீட்டில் சேர்ந்து சமைத்து உண்டால் அது ஒரு குடும்பம்.

2.3 கணம்: மக்களை எண்ணும் இரண்டாம் கட்டம் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. ஆனால் கணக்கு நின்ற கணம் மார்ச் 1 பிறந்த நள்ளிரவு. அதற்குச் சற்றுமுன் பிறந்த குழந்தை கணக்கில் உண்டு. சற்றுப்பின் பிறந்தது இல்லை. மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் திருத்தியது இதற்காகவே.

3. நோக்கம்

3.1 பிரதிநிதித்துவம்: மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் இன்றும் 1971ஆம் ஆண்டு எண்ணிக்கையின்படியே நிற்கின்றன. அதை மாற்றுவதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அரசமைப்புச் சட்டம் தள்ளிவைத்தது. புதிய எண்ணிக்கைப்படி இடங்கள் பிரிக்கப்பட்டால் பங்கு குறையக்கூடும் என்பதால், பிறப்பு விகிதத்தைக் குறைத்த தமிழ்நாட்டுக்கு இது உயிரான வினா.

3.2 பங்கீடு: 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறத்தாழ 81 கோடிப் பேர் என்ற வரம்பு 2011 எண்ணிக்கையிலிருந்து வந்தது. கணக்கெடுப்பு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் மக்கள் பெருகுகிறார்கள். வரம்பு அசையாமல் நிற்கிறது.

3.3 நம்பிக்கை: 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனிமனிதர் தரும் விவரம் இரகசியமானது. அச்சமுள்ள வீட்டில் உண்மை வெளிவராது என்பதால் இந்தக் காப்பும் திட்டமிடலின் ஓர் உறுப்பே.

4. முடிவு

2011 கணக்கெடுப்புக்குப் பிந்தைய சரிபார்ப்பு, 1000 பேருக்கு 23 பேர் விடுபட்டதைக் காட்டியது. 121 கோடி மக்களில் அது இரண்டரைக் கோடிக்கும் மேல். இடம்பெயர்ந்து உழைப்பவரும் நிலையான முகவரி இல்லாதவரும் எளிதில் விடுபடுபவர்கள். அரசின் பங்கீடு அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்களே. பிப்ரவரி 28 இரவில் நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் பாலத்தடியிலும் தேடிச் சென்று வீடற்றவர்களை எண்ணும் ஏற்பாடு அதனாலேயே தலையாயது. 2011இல் அப்படிக் கணக்கில் வந்தவர்கள் 17.7 லட்சம் பேர். கதவே இல்லாதவரை எண்ணும் அந்த ஓர் இரவுக்குப் போதிய ஆளும் பயிற்சியும் நேரமும் ஒதுக்குவதே நல்ல திட்டமிடலின் உரைகல்.