லயத்துத் தொலைபேசியும் மறைந்துபோன ஒரு தெரிவும்

எட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் அங்கே லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியே வாழ்கிறார். மகள் குவைத்தில், பேரன் கொழும்பில் கடையொன்றில். மகள் அனுப்பிய புதிய திறன்பேசி பெட்டியோடு அலுமாரியின் மேல் இருந்தது. கையில் வைத்திருந்ததோ இறப்பர் வளையம் போட்டுக் கட்டிய பழைய பொத்தான் தொலைபேசி.

காரணம் கேட்டேன். "புதுசுல பேசுனா பாதியில நின்னு போகுதுங்க ஐயா. முன்னால இருந்த டச் போன்ல பேரன் என்னமோ மாத்திக் குடுத்தான். அது ஒடையுற வரைக்கும் நிக்கவே இல்ல. இதுல மாத்துறதுக்கு எடமே இல்லைங்குறான்" என்றார்.

அந்த 'என்னமோ'வைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

சப்ரகமுவத் தோட்டங்களில் தொலைபேசி என்பது நெடுங்காலம் துரை பங்களாவிலும் தோட்டக் காரியாலயத்திலும் இருந்த பொருள். தொழிலாளிக்கு வந்தது தந்தி மட்டுமே. அதுவும் பெரும்பாலும் சாவுச் செய்தி. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தமிழர் மீது வன்முறை ஏவப்பட்டபோது, அடுத்த தோட்டத்தில் நடப்பதை அறிந்துகொள்ளக்கூட லயத்தில் வழியிருக்கவில்லை. ஓடி வந்தவர்கள் வாயால் சொன்னதுதான் செய்தி. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் பல நேரங்களில் அப்படித்தான்.

இலங்கையில் செல்லிடத் தொலைபேசிச் சேவை செல்டெல் நிறுவனத்தோடு 1989இலேயே தொடங்கிவிட்டது. 1995இல் டயலொக் ஜிஎஸ்எம் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் லயத்துக்குள் தொலைபேசி பரவலாக நுழைந்தது 2005ஐ அடுத்த ஆண்டுகளில்தான். முதலில் சிடிஎம்ஏ கம்பியில்லாத் தொலைபேசிகள். மேசைத் தொலைபேசி போன்ற அக்கருவியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு மலிவான கைத்தொலைபேசிகள் வந்தன. எந்தக் கல்லின்மீது ஏறினால் இரண்டு கோடு தெரியும், எந்தப் பலா மரத்தடியில் பேச்சு அறாது என்ற நிலவியல் ஒவ்வொரு தோட்டத்திலும் உருவாயிற்று. எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் அது இல்லை.

2006இல் டயலொக் மூன்றாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. இங்கேதான் சிக்கலும் பிறந்தது. பழைய இரண்டாம் தலைமுறை அலைகள் 900 மெகாஹேர்ட்ஸிலும் ஓடின. புதியவை ஓடியது 2100இல். அதிர்வெண் கூடக்கூட அலை மலைமுகட்டைச் சுற்றி வளைந்து வருவது குறையும். மரத்திலும் சுவரிலும் தேய்வது கூடும். பள்ளத்தாக்கில் உள்ள லயத்துக்குப் பழைய அலை உறுதியாக வந்தது. புதிய அலை நூல்போல வந்து அறுந்தது. கருவியோ புதியதைக் கண்டவுடன் தாவிப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. பிடிக்கும், இழக்கும், பழையதற்கு இறங்கும், மறுபடி தாவும். ஒவ்வொரு தாவலிலும் மின்கலம் கரையும். பேச்சின் நடுவே தாவல் பிசகினால் இணைப்பு அறும்.

இதற்கு மருந்து கருவிக்குள்ளேயே இருந்தது. நோக்கியாத் தொலைபேசிகளில் 'வலையமைப்பு முறை' என்று ஒரு வரி. அதில் ஜிஎஸ்எம் மட்டும் என்று தெரிவு செய்தால் தாவல் நின்றது. அண்ட்ரொய்டின் தொடக்ககாலப் பதிப்புகளில் 'இரண்டாம் தலைமுறை மட்டும்' என்று ஒரு கட்டம் இருந்தது. மின்கலத்தைச் சேமிக்கும் என்று அதன் கீழேயே எழுதியும் வைத்திருந்தார்கள். அவிசாவளையிலும் இரத்தினபுரியிலும் போன் கடைப் பையன்களுக்கு இது கைவந்த வித்தை. தோட்டத்திலிருந்து வருபவர் என்று கண்டாலே, கேட்காமலே மாற்றிக் கொடுப்பார்கள். அம்மாவின் பேரன் செய்ததும் அதுவே.

பிறகு அந்தத் தெரிவு ஒவ்வொன்றாக மறைந்தது. இது தோட்டக்காட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐபோனில் 2008 முதல் மூன்றாம் தலைமுறையை நிறுத்தும் ஆளி இருந்தது. 2011 ஒக்டோபரில் வந்த 4எஸ் மாதிரியில் அது காணாமற்போயிற்று. பயனாளர்கள் முறையிட்டார்கள், 2012 மார்ச்சில் வந்த புதிய மென்பொருளில் திரும்பி வந்தது. அண்ட்ரொய்ட் உலகில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதம். சிலர் முழுப் பட்டியலையும் இன்னும் வைத்திருக்கிறார்கள். சிலர் 'எது கிடைத்தாலும் தானாக' என்பதை ஒட்டிய இரண்டொரு வரியோடு முடித்துக்கொண்டார்கள். *#*#4636#*#* என்ற இரகசிய இலக்கத்தை அழுத்தினால் திறக்கும் சோதனைப் பக்கத்தில் பழைய பட்டியல் சில காலம் ஒளிந்திருந்தது. அந்தக் கதவையும் சிலர் சாத்திவிட்டார்கள்.

தயாரிப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பயனாளர் ஒருவர் தெரியாமல் ஒரு வரியை மாற்றிவிட்டுத் தொலைபேசி பழுது என்று வந்து நிற்பார். 'நான்காம் தலைமுறை மட்டும்' என்று வைத்தவருக்கு, அவ்வழியே குரல் செல்லும் ஏற்பாடு இல்லாவிட்டால் அழைப்பே எடுக்க முடியாது. இரண்டாம் தலைமுறையின் பாதுகாப்புக் குறைவும் மெய்யானது. அங்கே கோபுரம் தொலைபேசியைச் சோதிக்கிறதே தவிர, தொலைபேசி கோபுரத்தைச் சோதிப்பதில்லை. போலிக் கோபுரம் வைத்து ஒட்டுக்கேட்கலாம். அதனால்தான் 2021இல் வந்த அண்ட்ரொய்ட் 12இல் இரண்டாம் தலைமுறையை அடைத்துவிடும் ஆளி சேர்க்கப்பட்டது. உளவுக்கு அஞ்சும் நகரத்து மனிதருக்கு அது வேண்டியதே. பழைய அலையை அடைக்க ஆளி தரமுடிகிறவர்களால் அதிலேயே நிற்க ஏன் தரமுடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது. ஒரு வரியை எச்சரிக்கையோடு உள்ளே வைத்தால் போதும். கணக்கு எனக்குத் தெரியாததன்று: பள்ளத்தாக்கில் இருப்பவர் சிறுபான்மை, அவர் முறைப்பாடு எழுதுவதில்லை.

இதை ஒரு சில்லறை வசதிக்குறைவாக என்னால் பார்க்க முடியவில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதே நாட்களில் அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணுக்குள் போனது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை கடந்தால் ஆபத்தான சரிவிலிருந்து வெளியேறவேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் அந்த அளவைப் பார்த்தவர் லயத்திலிருப்பவருக்குச் சொல்வது எப்படி? பெரும்பாலும் தொலைபேசியில்தான். மழை கொட்டும் இரவில் மின்சாரம் முதலில் போகும். சிக்னலைத் தேடித்தேடி மின்கலத்தைத் தீர்த்த கருவி விடியுமுன் அணைந்துவிட்டால், அழைப்பவருக்குக் கேட்பது 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற பதிவுக்குரல் மட்டுமே.

அந்த அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. மழை காலத்தில் பொத்தான் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பதாகவும், ஒரு தடவை மின்னேற்றினால் நாலு நாளைக்கு நிற்பதாகவும் சொன்னார். இதுவும் எத்தனை காலத்துக்கோ. சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறையை மூடியது. அவுஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா அதற்கு முன்பே, 2016 டிசம்பரில். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை.

புறப்படும்போது அலுமாரியின் மேலிருந்த பெட்டியைக் காட்டி, மகள் கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் காம்பராப் பையன் அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்கோயிலடிக்கு வருவானாம். அங்கே நின்றால் மகளின் முகம் தெரியுமாம்.

"மொகம் பாக்க அது, பேச இது" என்றார்.