பாகை நாள்: வீடு சூடாக்கும் எண்ணெயை வேளையறிந்து அனுப்பும் கணக்கின் வரலாறு

அமெரிக்காவில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இன்றும் எண்ணெய் எரித்துத்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மேய்ன், மாசசூசெட்ஸ், நியூயார்க் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் உள்ளன. வீட்டின் நிலவறையில் ஓர் இரும்புத் தொட்டி இருக்கும். வழக்கமான அளவு 275 கேலன், அதாவது சுமார் 1,040 லிட்டர். ஜனவரி மாதத்து இரவில் அது வற்றிவிட்டால் அடுப்பு அணையும். சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்து, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

ஆகவே தொட்டி வற்றுமுன் லாரி வந்தாக வேண்டும். அங்கே பல வீட்டுக்காரர்கள் தொட்டியை எட்டிப் பார்ப்பதே இல்லை. எண்ணெய் வணிகரே நாள் குறித்து லாரி அனுப்புகிறார். இதைத் தானியங்கி விநியோகம் என்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் எவ்வளவு எண்ணெய் மீதமிருக்கிறது என்பது வணிகருக்கு எப்படித் தெரியும்? இன்று ஒரு மென்பொருள் சொல்கிறது. ஆனால் அந்த மென்பொருள் போடும் கணக்கு கணினியைவிட மூத்தது.

நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு அது இத்தனை நாள் வரும் என்று நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். சூடேற்றும் எண்ணெய்க்கு நாட்காட்டி உதவாது. ஜனவரியில் இரண்டு வாரத்தில் எரிவது ஏப்ரலில் ஒரு மாதத்துக்கு வரும். எனவே நாட்களை எண்ணாமல் குளிரை எண்ண வேண்டியிருந்தது.

அப்படி எண்ணும் வழி பயிரிலிருந்து வந்தது. 1735இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், நாள்தோறும் நிலவும் வெப்பநிலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் பயிர் முற்றும் காலத்தை அறியலாம் என்றார். 1878இல் சர் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி, ஒரு குறிப்பிட்ட அடிப்படை வெப்பநிலைக்கு மேலோ கீழோ ஒவ்வொரு நாளும் எத்தனை பாகை என்று கூட்டிக் கணக்கிடும் முறையை வகுத்தார். இந்த ஸ்ட்ராச்சி நமக்கு அந்நியர் அல்லர். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின் அமைந்த இந்தியப் பஞ்ச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் அவரே.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க எரிவாயு நிறுவனங்கள் இந்தப் பாகை நாளை வீட்டுக்குள் கொண்டுவந்தன. வெளியே சராசரி வெப்பநிலை 65 பாகை பாரன்ஹீட்டுக்கு (18.3 பாகை செல்சியசு) கீழே இறங்கினால்தான் வீட்டில் எரிபொருள் செலவாகிறது என்றும், எத்தனை பாகை இறங்குகிறதோ அந்த அளவுக்குச் செலவும் கூடுகிறது என்றும் கண்டார்கள். வீட்டுக்குள் மக்கள் விரும்பும் சூடு 70 பாகையை ஒட்டியது. மீதியை மனித உடல்கள், சமையல், விளக்குகள், சன்னல் வழியே வரும் வெயில் ஆகியவை தந்துவிடுகின்றன.

கணக்கு எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடியதுதான். ஒரு நாளின் உச்ச, தாழ் வெப்பநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்து, 65இலிருந்து கழிக்க வேண்டும். பாஸ்டன் நகரில் ஜனவரிச் சராசரி ஏறத்தாழ 30 பாகை; ஆக, ஒரு நாளுக்கு 35 பாகை நாள். அடுத்து வீட்டின் குணத்தை அறிய வேண்டும். சென்ற முறை நிரப்பியதிலிருந்து இன்றுவரை 900 பாகை நாள் கூடியிருக்கிறது, இன்று தொட்டி 180 கேலன் கொண்டது என்றால், அந்த வீடு 5 பாகை நாளுக்கு ஒரு கேலன் எரிக்கிறது. இந்த 5 என்ற எண்ணுக்குக் 'கே' காரணி என்று பெயர். தொட்டியில் ஆபத்துக்கென ஒரு பங்கை விட்டுவிட்டு 175 கேலன் எரியலாம் என்று வைத்தால், 875 பாகை நாளில் லாரி போக வேண்டும். ஜனவரியில் அது 25 நாள். சராசரி 48 பாகையாக இருக்கும் ஏப்ரலில் 51 நாள்.

இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் தொட்டி முழுதாக நிரம்புவதையே நம்பியிருக்கிறது. அதற்கு ஓர் எளிய கருவி உண்டு. தொட்டியின் காற்றுப்போக்கியில் ஒரு விசில் பொருத்தியிருக்கும். எண்ணெய் உள்ளே போகப்போக வெளியேறும் காற்று அதை ஊதும். நிரம்பியதும் ஓசை நிற்கும். தெருவில் நிற்கும் ஓட்டுநர் அந்த ஓசையைக் கேட்டே நிறுத்துகிறார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பாத்திரம் இந்த விசில்தான்.

கணினிக்கு முன் வீட்டுக்கு ஓர் அட்டை இருந்தது. எத்தனையாவது பாகை நாளில் லாரி போக வேண்டுமோ அந்த எண்ணின் வரிசையில் அட்டைகளை அடுக்கிவைப்பார்கள். எழுத்தர் தினமும் காலையில் முந்தின நாளின் பாகையைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட்ட அட்டைகளை உருவி ஓட்டுநரிடம் கொடுப்பார். மென்பொருள் பின்னாளில் செய்ததும் இதையேதான்.

கணக்கு எப்போதும் நிலைத்திருக்கவில்லை. 1942இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கிழக்குக் கடலோரத்தில் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்க, எண்ணெய்க்குப் பங்கீடு வந்தது. பல வீடுகள் மீண்டும் நிலக்கரிக்குத் திரும்பின. 1973 எண்ணெய்த் தடையின்போது அதிபர் நிக்சன் வீட்டு வெப்பநிலையைக் குறைந்தது 6 பாகை குறைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். வெப்பநிலையைக் குறைத்து, சன்னல் இடுக்குகளை அடைத்த வீட்டில் பழைய 'கே' பொய்யாகிவிடும்; லாரி தேவைக்கு முன்பே போய்ப் பாதித் தொட்டியை நிரப்பிவிட்டுத் திரும்பும். வணிகருக்கு அது நட்டம். ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கையால் திருத்துவது எளிதல்ல. ஒவ்வொரு நிரப்பலுக்குப் பின்னும் காரணியைத் தானே திருத்திக்கொள்வதில்தான் கணினியின் அருமை தெரிந்தது. கோடையில் பாகை நாள் சுழியமாக இருந்தும் குளியல் வெந்நீருக்கு எண்ணெய் எரிவதைத் தனியே சேர்க்கவும் அதனால் முடிந்தது.

எந்த வீட்டுக்கு எப்போது என்பதோடு, எந்த வழியில் என்ற கேள்வியும் உண்டு. 1959இல் ஜார்ஜ் டான்சிக், ஜான் ராம்சர் இருவரும் எழுதிய கட்டுரை, ஒரு கிடங்கிலிருந்து பல நிலையங்களுக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் லாரிகளின் தூரத்தை எப்படிக் குறைப்பது என்று ஆராய்ந்தது. பார்சல் வண்டிகளின் இன்றைய வழித்தட மென்பொருள்களுக்கும் மூதாதை அதுதான். எண்ணெய் விநியோகத்தில் இரண்டு கேள்விகளும் பின்னிக்கிடக்கின்றன: நாளை மறுநாள் போக வேண்டிய வீடு இன்றைய தெருவிலேயே இருந்தால் இன்றே நிரப்பிவிடலாமா?

இப்போது தொட்டியின் மேல் பொருத்தும் மீயொலி உணரிகள் எண்ணெய் மட்டத்தை அளந்து கைப்பேசி அலைவரிசை வழியே அனுப்புகின்றன. அவை உள்ள வீட்டில் ஊகிக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், நிரப்பிய தொட்டிக்குப் பணம் தரக்கூடியவர்களுக்கானது. கையில் பணம் சேர்ந்தபின் தொலைபேசியில் கேட்டு வாங்குவோர் தானியங்கிப் பட்டியலில் இல்லை. பல வணிகர்கள் 100 கேலனுக்குக் குறைந்து கொண்டுவருவதில்லை. அதற்கும் வழியில்லாதவர்கள் பெட்ரோல் நிலையத்தில் 5 கேலன் கலத்தில் டீசலோ மண்ணெண்ணெயோ வாங்கிவந்து தாங்களே ஊற்றுகிறார்கள். 1981 முதல் அரசின் எரிபொருள் உதவித் திட்டம் ஒன்று இவர்களில் ஒரு பகுதியினருக்குக் கைகொடுக்கிறது. ஐந்து ஐந்து கேலனாக ஊற்றும் தொட்டி நிரம்புவதே இல்லை. அதனால் அந்த வீட்டின் 'கே' எவ்வளவு என்று யாராலும் கணக்கிட முடிவதில்லை.