சூழல் டி.என்.ஏ.

ஓர் உயிரினம் தான் வாழும் நீரிலும் மண்ணிலும் காற்றிலும் விட்டுச்செல்லும் மரபுப்பொருள் சூழல் டி.என்.ஏ. எனப்படும். மீனின் சளி, தவளையின் உரிந்த தோல், பாலூட்டியின் சிறுநீர், எச்சம், முடி ஆகியவற்றோடு செல்கள் வெளியேறுகின்றன. அவற்றிலுள்ள டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தால், விலங்கைப் பிடிக்காமலும் பார்க்காமலும் அது அங்கே இருப்பதை அறியலாம்.

வெயிலும் வெப்பமும் நுண்ணுயிர்களும் சிதைப்பதால், குளத்து நீரில் டி.என்.ஏ. சில நாட்களோ சில வாரங்களோதான் தங்கும். இந்த அற்ப ஆயுள் ஒரு வசதியும்கூட: நீரில் தடயம் இருந்தால், விட்டுச்சென்றது அண்மையில் வந்துபோயிருக்கிறது. உறைபனி மண்ணில் கதை வேறு. வடக்கு கிரீன்லாந்தின் படிவுகளில் கிடைத்த 20 லட்சம் ஆண்டுப் பழைய டி.என்.ஏ., அங்கே யானையின் அழிந்துபோன உறவான மாஸ்டோடான் திரிந்ததை 2022-இல் காட்டியது.

குளத்து நீரைக் கொண்டே ஒரு விலங்கைக் கண்டறியலாம் என்பதை 2008-இல் பிரான்சில் நடந்த ஆய்வு நிறுவியது. வட அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய காளைத்தவளைதான் அதில் சிக்கியது.

இம்முறை அன்றாட வேலையாகிவிட்ட இடம் இங்கிலாந்து. அங்கே பெருங்கொண்டை நியூட் என்ற, பல்லி போன்ற உடலும் வாலும் கொண்ட நீர்நில வாழ்வி சட்டப் பாதுகாப்பு பெற்றது. கட்டுமானம் தொடங்குமுன் பக்கத்துக் குளத்தில் அது உண்டா என்று பார்ப்பது வழக்கம். பழைய வழியில், வசந்த காலத்தில் நான்கு முறை சென்று, இரவில் டார்ச் அடித்தும், பாட்டில் பொறி வைத்தும், நீர்ச்செடிகளின் இலை மடிப்புகளில் முட்டை தேடியும் பார்ப்பார்கள். 2014 முதல் நீர்ச் சோதனையும் ஏற்கப்படுகிறது. ஆய்வாளர் குளத்தில் கால் வைக்கக் கூடாது. கலங்கிய வண்டல் பழைய டி.என்.ஏ.வை மேலே கொண்டுவந்துவிடும். கரையோரம் 20 இடங்களில் சிறு கரண்டியால் 30 மில்லி வீதம் மொண்டு, பையில் ஊற்றிக் குலுக்கி, எத்தனால் உள்ள ஆறு குழாய்களில் 15 மில்லி வீதம் நிரப்புவார்கள். ஆய்வகத்தில் நடப்பது, கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பி.சி.ஆர். சோதனைதான். 12 முறை ஓட்டியதில் ஒன்று தேறினாலும் நியூட் உண்டு என்றே கொள்வார்கள்.

ஒரே மாதிரியில் பல இனங்களைக் கண்டறியும் வழியும் உண்டு. ஜப்பானியர் உருவாக்கிய, மீன்களுக்கான 'மைஃபிஷ்' முறை 2015-இல் ஒகினாவா மீன்காட்சியகத் தொட்டிகளில் சோதிக்கப்பட்டது. அங்கிருந்தவற்றில், ஒப்பிட மரபுத் தகவல் கைவசம் இருந்த 180 இனங்களில் 168 சிக்கின. 2022-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் உயிரியல் பூங்காக்களின் காற்றை வடிகட்டியே அங்குள்ள விலங்குகளை அடையாளம் கண்டன. தீனியாகப் போடப்பட்ட கோழியும் பட்டியலில் ஏறிக்கொண்டது. உயிரோடு நடமாடியது எது, இரையாக வந்தது எது என்று டி.என்.ஏ. சொல்லாது.

உடல் அளவையும் அது சொல்லாது. ஊர்வன போன்ற ராட்சத விலங்கு ஒன்று வாழ்வதாக வதந்தி உலவும் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில், நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெம்மெல் 2018-இல் எடுத்த நீரில் ஊர்வனவற்றின் தடயமே இல்லை. விலாங்கு மீனின் டி.என்.ஏ. ஏராளம். அது ராட்சத விலாங்கா என்ற கேள்விக்கு நீரில் விடை கிடையாது, ஆகவே வதந்தி பிழைத்துக்கொண்டது.

எண்ணிக்கையைச் சொல்லாததுதான் பெரிய குறை. புலி எச்சத்திலும் உதிர்ந்த முடியிலும் கிடைக்கும் டி.என்.ஏ.வைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணலாம். ஒரு குளத்து விலங்குகளின் டி.என்.ஏ. எல்லாம் கலந்து கிடக்கும் நீரில் அது எளிதல்ல. குளத்தில் நியூட் எத்தனை என்று தெரிய வேண்டுமானால், இன்றும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரவில்தான் போக வேண்டியிருக்கிறது.